ஒரு பிடி நொய்

நவோட்டாஸ் மீன்துறைக்குப் பின்னால் என் கடை.
முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை.
வலையில் வெட்டிய சதுரத்தின் வழியே
ஒற்றைச் சிகரெட், ஷாம்புச் சீட்டு,
அரைக்கிலோ அரிசி கைமாறும்.
தராசு பழசு.
முள் பத்து கிராம் என் பக்கம் சாயும்.
சந்துக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அந்த ஜூலைக்குப் பிறகு
என் கேஸ் சிலிண்டர் களவு போகவில்லை.
குழாயடியில் கருகிய அலுமினியத் தாள் கிடப்பதில்லை.
பெலெனின் புருஷன் தானாகப் போய்ச் சரணடைந்தான்.
தினம் காலை வார்டு அலுவலக முற்றத்தில்
நாற்பது ஆண்களோடு வரிசையில் நின்று
ஜூம்பா ஆடுகிறான்.
வயிறு வைத்திருக்கிறது.
சம்பளம் வீட்டுக்கு வருகிறது,
பெலென் ரொக்கம் கொடுத்து வாங்குகிறாள்.
என் மகள் செரீனா
கால்சென்டரிலிருந்து மூன்று மணிக்குத் திரும்புகிறாள்.
முன்பெல்லாம் சந்து முனையிலேயே
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள்,
ஓட நேர்ந்தால் ஓட.
இப்போது போட்டுக்கொண்டே வருகிறாள்.

இதில் எதுவும் பொய்யில்லை.
தொலைவில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பவர்கள்
இதையும் சேர்த்தே கூட்டட்டும்.

வார்டு அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள்.
கோயில் காணிக்கைப் பெட்டி அளவுதான்.
பெயர் எழுதிப் போடலாம்,
கையெழுத்து வேண்டாம்.
நான் போட்டேன்.
பிஸ்கட் அட்டையைக் கிழித்து
‘டோட்டோ’ என்று எழுதினேன்.
சிலிண்டரைத் தூக்கிப் போனவன் அவன்தான்,
நிச்சயம்.
முக்கால்வாசி நிச்சயம்.

எங்கள் சந்தில் டோட்டோக்கள் மூன்று பேர்.

செவ்வாய் இரவு தெருவிளக்கு அணைந்தது.
ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர்.
ரிக்‌ஷாக்கார டோட்டோவுக்கு
ரூபெர்தோ என்று முழுப்பெயர் இருந்தது
சவப்பெட்டியில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான்
எனக்குத் தெரிந்தது.
என் நோட்டில் அவன் பாக்கி முந்நூற்று நாற்பது பேசோ.

எதிர்த்துச் சுட்டானாம், அறிக்கை சொல்கிறது.
அவன் வண்டிக்கு மணிகூடக் கிடையாது,
வழிவிடச் சொல்லி வாயால்தான் கத்துவான்.
அவனும் இழுப்பவன்தான், மறைக்கவில்லை.
பதினான்கு மணிநேரம் மிதிக்க வேண்டுமே,
தூக்கத்தை விரட்ட எதையோ இழுத்தான்.
வாங்கினான், விற்கவில்லை.
விற்றிருந்தால்
முந்நூற்று நாற்பது ஏன் பாக்கி?

என் சீட்டுதானா, வேறு கையெழுத்தா,
பெட்டி சொல்லாது.
யாரையும் கேட்கவும் முடியாது.
கேட்பவள் பெயரும் அதற்குள் விழும்.

அடக்கத்துக்குப் பணம் சேரும்வரை
ஒன்பது நாள் கிடத்தியிருந்தார்கள்.
பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டாட்ட மேசை,
ஜெயித்ததில் பங்கு சாவு வீட்டுக்கு.
கண்ணாடி மூடியின் மேல்
ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு.
கொலையுண்டவன் மேல் குஞ்சை விடுவது எங்கள் வழக்கம்.
அது இங்கே கொத்தக் கொத்த
கொன்றவன் நெஞ்சில் அங்கே கொத்தும்.

அவன் மனைவி நெனிதா
வலைச் சதுரத்தில் கை நீட்டினாள்.
“குஞ்சுக்கு ஒரு பிடி நொய்.
கணக்கில் எழுதிக்கோ.”

தராசில் போட்டேன்.
முள் வழக்கம்போல் என் பக்கம் சாய்ந்தது.
இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன்.
இன்னும் கொஞ்சம்.
“குஞ்சு எவ்வளவுதான் தின்னும்?” என்றாள்.
பென்சிலை எடுத்தவள்
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல்
நோட்டை மூடினேன்.

மறுநாள் வந்தான்,
மற்ற டோட்டோ.
ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பற்றவைத்தான்.
சில்லறை கொடுக்கும்போது
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் அவனுக்குப் பின்னால்
சங்கிலி போட்ட சிலிண்டரைப் பார்த்தேன்.

இரவு மூன்று மணி.
சந்து அத்தனை அமைதி,
நான்கு வீடு தள்ளிக் குஞ்சு
கண்ணாடியில் கொத்துவது கேட்கிறது.
டக். டக்.
எழுந்து கதவருகே போகிறேன்.
செரீனாவின் செருப்பாகவும் இருக்கலாம்.