பூச்சியம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில்
சிட்டைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.
மரவட்டைகள் சாராயத்தில் சுருண்டிருக்கும்.
குப்பிக்குள் பென்சிலில் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்:
இடம், தேதி, பிடித்தவர் பெயர்.
"ஹோவிக், பாலத்துக்கு வடக்கே, மழை."
சிலவற்றில் "பையன் கொண்டுவந்தான்" என்று மட்டும்.
எந்தப் பையன் என்று குப்பிக்கும் தெரியாது.

வரைபடத்தில் புள்ளிகள் விழ விழ
காட்டின் உருவம் எழும்பும் என்று நினைத்தேன்.
எழும்பியது தார்ச்சாலை.
கார் நின்ற இடம், தேநீர் விடுதி,
யாரோ ஒரு விஞ்ஞானியின் மைத்துனர் பண்ணை.
அங்கெல்லாம் மரவட்டை மொய்க்கிறது.

சிபோங்கிலே முதல் நாளே சொன்னாள்:
தேடிப் பார்த்து இல்லையென்றால் பூச்சியம் போடு.
யாருமே தேடவில்லையென்றால்
ஒன்றும் போடாதே.
குழப்பினால் மூன்று மாத வேலை நாசம்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
பூச்சியத்தில் பூச்சி இருப்பது
எனக்கு மட்டும் சிரிப்பு.
பூச்சியத்துக்கும் ஒரு முதுகு குனிந்திருக்க வேண்டும்.

போன வாரம் சாட்ஸ்வொர்த் வந்தது.
ஏழாம் யூனிட், ஆற்றங்கரை, என் சமையலறைச் சன்னல்
எல்லாம் ஒரே கட்டத்தில்,
வெள்ளை வெளேரென்று.
எங்கள் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது
வீட்டு எண்ணையும் தலைகளையும்
பிசகாமல் எழுதிக்கொண்டவர்கள்
தரையைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினேன்.
ஈரச் செங்கல்லில் நான்கு.
மூன்று தெரிந்தவை. நாலாவது
மிளகு ரச நிறம், ஓரமெல்லாம் மஞ்சள் தையல்.
தொட்டதும் கம்மல் திருகாணிபோல் இறுகிக்கொண்டது.

பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் டாக்டர் ஃபெர்மாக்.
படம் அனுப்பினேன். மகள் பதில் எழுதினாள்:
அப்பாவுக்கு இப்போது என் பெயரே நினைவில்லை.
ஆனாலும் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார். சிரித்தார்.

குப்பிக்கு நானே எழுதினேன்:
"சாட்ஸ்வொர்த், தொட்டிக்கு அடியில், தூறல்.
பிடித்தவர் கோகிலம் மூன்சாமி."
இனம் என்ற இடத்தில் பென்சிலை வைத்தேன், எடுத்தேன்.
பெயரே இல்லாததற்கும்
அந்தப் பெயர் ஒரு கிழவரின் சிரிப்புக்குள்
சிக்கிக்கொண்டதற்கும்
எங்கள் படிவத்தில் ஒரே கோடுதான்.

கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.
அதை ஒட்டிய வெள்ளை உம்லாஸி,
சிபோங்கிலே வீடு.
திங்கட்கிழமை அவள் தாமதமாக வந்தாள்,
நகத்திடுக்கில் மண்,
கையில் மூடியில் ஓட்டை போட்ட ஜாம் பாட்டில்.