இரண்டு அங்குலம்

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
பதினைந்தேகால்.
"வலது பக்கம் மட்டும் அரை அங்குலம் குறையுதுக்கா,"
அளவு நாடாவைச் சுருட்டினான் புவனேந்திரன்.
குறையத்தானே செய்யும்.
நாற்பத்தேழு வருஷமாக
வலது பக்கம் யாரோ ஒருவர்
உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.
கடைசிப் பதினொரு வருஷம் நான்.

டாட்சன் நூற்றிருபது வொய்.
பாண்டான் பச்சை.
ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்
தகரக் கூரைக்குக் கீழே, பிட்டம் தூக்கி,
கீழே விழுந்த சில்லறையைத் தேடும் ஆள் மாதிரி
நின்றது.

உடம்பைத் தாங்க முட்டுகள்.
அச்சைத் தாங்க ஜாக்கு.
நட்டு எட்டு; ஏழு கழன்றது.
எட்டாவதற்கு அரை டப்பா எண்ணெய்,
ஒரு முழ நீளக் குழாய்,
ஹொக்கியனில் இரண்டு வசவு.
பட்டறைக்கு ஹொக்கியன் வசவுதான் ராசி என்றான்.

அச்சுக்கும் பட்டைச் சுருளுக்கும் நடுவே
இரும்புக் கட்டை ஒன்று,
சலவை சோப்பு அளவு.
கட்டை ஏற ஏற வண்டி இறங்கும்:
எனக்கு விளங்க ஒரு கோப்பி நேரம் ஆனது.
நடு ஆணி குழியில் பொருந்தியதா என்று
டார்ச் பிடித்தது நான்.

"எதுக்குக்கா இறக்குறீங்க? ரேஸ் விடப்போறீங்களா?"
"வளைவுல நல்லா ஒட்டுமாம்."
பாதிப் பொய்.

பாயான் லெப்பாஸில் ஆலை இருந்தவரை
பின்சீட்டில் மூன்று பேர்.
மகேஸ்வரி, சியூ லான், நோர்ஹயாத்தி.
இரவு ஷிப்டு முடிந்து
வாய் பிளந்து ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி வருவார்கள்.
முன்சீட்டில் அவர்களுடைய சாப்பாட்டுப் பைகள்.
ஆயர் ஈத்தாமில் கடைசி ஆள் இறங்கியதும்
வண்டி மெல்ல எழும்பும்,
பெருமூச்சு விட்டாற்போல.
சரியாக இரண்டு அங்குலம்.
நான் ஒருநாளும் அளந்ததில்லை. தெரியும்.

ஆலை பினாங்கை விட்டுப் போனது.
வண்டி எழும்பியது எழும்பியபடியே நின்றது.

"ஷாக் அப்சார்பரும் குட்டை போட்டிருக்கேன்.
இனிமே பின்னால ஆள் ஏத்தாதீங்க,
டயர் மட்கார்டை உரசும்."
சரி என்றேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கடற்கரை நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பு.
இளம் போலீஸ்காரர், மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.
பின்னால் என்ன பாரம்?
ஒன்றுமில்லை.
இவ்வளவு அமுங்கியிருக்கிறதே, சிகரெட்டா, பட்டாசா?
பூட்டைத் திறந்தேன்.
ஸ்பேர் டயர்,
சீன நாளிதழில் சுற்றிய பழைய போல்ட்டுகள்,
மகேஸ்வரியின் ஒற்றை ஆலைச் செருப்பு,
இடது கால்.
அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
எடை பார்க்கிறாரோ என்று கூட நினைத்தேன்.
பின்சீட்டு மீது வெளிச்சம் அடித்தார்,
இந்த ஓரம், நடு, அந்த ஓரம்.
பம்பரை உள்ளங்கையால் அழுத்தினார். வண்டி அசையவில்லை.
"காலியா?"
"காலி."
நம்பாமல்தான் கையசைத்தார்.
ஜேபிஜே பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா
என்றும் ஒரு வார்த்தை.

எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு மேடு.
நகராண்மைக் கழகத்துக்கு யார் மேல் கோபமோ,
அத்தனை உயரம்.
அங்கே வந்தாலே சியூ லான் விழித்துக்கொள்வாள்,
தூக்கத்திலிருந்து நேராக,
சீட்டிலிருந்து அரை அடி எழும்பி
மூச்சைப் பிடித்துக்கொள்வாள்,
அவள் தூக்கினால் வண்டி லேசாகிவிடும் என்பதுபோல.
மற்ற இருவரும் சிரிப்பார்கள். குழாய் உரசும்.

முதல் கியர்.
கிளட்சை மெல்ல விட்டேன்.
முன்சக்கரம் ஏறி இறங்கியது.
பின்சக்கரம் மேட்டைத் தொட்ட நொடி
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
எழும்பினேன்.

உரசியது.