ரெண்டேதான்

பிச்சிலெமுவில் பிப்ரவரி என்றால் கோடை.
கடலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போல.
கால் வைத்தால் கணுக்கால் எலும்பு கூசுகிறது.
மேலே கருமணல் சுடுகிறது.
இரண்டுக்கும் நடுவே நாலு முழ ஈரம்,
அங்கேதான் விரிப்பைப் போட்டு
எங்கள் ஒன்பது நாளையும் இறக்கி வைத்தோம்.

ஹெரால்டோ வந்ததிலிருந்து தூங்குகிறான்.
வருஷம் முழுக்கத் தாமிரச் சுரங்கத்தில்
இரவு ஷிப்ட் பார்க்கிறவன்;
பகலைக் கண்டால் கண்ணை மூடத்தான் தெரியும்.
முகத்தின் மேல் தொப்பி, தொப்பியின் மேல் ஈ.
"கடலைப் பார்க்கத்தானே வந்தோம்?" என்றால்
"கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்" என்கிறான்.

நான் தக்காளி நறுக்குகிறேன்.
மணல் விழாத தக்காளி என்று
இந்த ஊரில் ஒன்று கிடையாது.
வீட்டில் செய்கிற அதே வேலைதான்,
ஆனால் கத்தி மொண்ணை, அவசரமும் இல்லை,
வெங்காயத்துக்கு அழுதால் காற்றே துடைத்துவிடுகிறது.

கஸ்பார், பதினொரு வயது,
கடற்பாசி விற்கிறவரிடம் பேரம் பேசுகிறான்
கையில் ஒரு பெசோ இல்லாமல்.
பழைய ரப்பர் குழாயைச் சுருட்டிக் கட்டினாற்போல் பாசி.
வாங்கினால் யார் தின்பது என்றேன்.
"தின்ன இல்லை அம்மா, இழுக்க."
மறுமுனையை ஏற்கெனவே ஒரு நாய் கவ்வியிருந்தது.

முனைப்பாறைக்கு அப்பால் அலைக்காரர்கள்,
பலகைமேல் கறுப்பாய், நீர்க்காகங்கள் மாதிரி,
ஒரே திசை பார்த்துக் காத்திருக்கிறார்கள்.
ரங்காகுவா பேருந்து நிலையத்தில்
நான் சீட்டுக் கிழிக்கிற ஜன்னலின் முன்
இத்தனை பொறுமையான வரிசை பார்த்ததில்லை.
வருகிறதை விட்டுவிடுகிறார்கள்.
அடுத்ததையும்.
எதற்கு எழ வேண்டும் என்று எப்படித் தெரிகிறதோ.

என் ரயேன் அங்கே இல்லை.
இடுப்பளவுத் தண்ணீரில்,
முழங்காலில் ஒட்டுப்போட்ட வாடகை உடையில்,
தன்னைவிட நீளமான மஞ்சள் பலகையோடு
விழுந்துகொண்டிருக்கிறாள்.
முதல் நாள் ஒவ்வொரு விழுதலுக்கும் கை தட்டினோம்.
இரண்டாம் நாள் பெரிய விழுதலுக்கு மட்டும்.
மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: பார்க்காதீர்கள்.

அதனால்

நாலாம் நாள் மத்தியானம்
ஹெரால்டோ தொப்பிக்குள் இருந்தான்,
கஸ்பார் நாயோடு இழுபறியில் இருந்தான்,
நான் உப்பு டப்பாவைத் தேடிக் குனிந்தேன்
(இவ்வளவு கடல் முன்னால், உப்பைக் காணோம்),
அப்போதுதான் அவள் நின்றிருக்கிறாள்.

ஓடி வந்தாள். பல் கிடுகிடுக்க,
உதடு நாவல்பழ நிறத்தில்.
"பார்த்தீங்களா?"

"பார்த்தேனே, என்ன அழகு!" என்றான் ஹெரால்டோ
தொப்பியை எடுக்காமலே.
"ரெண்டு கையையும் விரிச்சே" என்றான் கஸ்பார்.
"முழங்காலைச் சரியா மடக்கினே" என்றேன் நான்,
உப்பில்லாத தக்காளியை நீட்டியபடி.

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
பதினாலு வயசு. தெரியாதா என்ன.
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே
"எத்தனை நொடி?" என்றாள், சும்மா கேட்பதுபோல்.
"அஞ்சு" என்றான் அப்பா.
"ஏழு" என்றான் தம்பி.
"எண்ணலை" என்றேன்,
அன்றைக்கு நாங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

"ரெண்டு" என்றாள்.
மென்று, விழுங்கி,
"ரெண்டேதான்."

ஹெரால்டோ எழுந்து உட்கார்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. ஈயை விரட்டினான்.

ஐந்தாம் நாள் விடியும் முன்னே
காப்பிக் குடுவையோடு
எங்களுக்கு முன்னால் மணலில் இருந்தான்.
கடல் கழுவி வைத்த தட்டுப்போல் கிடந்தது.
அலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு
பலகையைக் கக்கத்தில் இடுக்கித் திரும்பினார்கள்.
பத்து மணி. பதினொன்று.
ஹெரால்டோ மட்டும் கண் கொட்டாமல்,
சுரங்க வாயிலில் பேர் கூப்பிடக் காத்திருப்பவன்போல்.

ரயேன் அவன் தொப்பியை உருவி
முகத்தின் மேல் போட்டுக்கொண்டு
மஞ்சள் பலகையில் மல்லாந்து தூங்கிப்போனாள்.

உப்பு டப்பா அவன் சப்பாத்துக்குள் இருந்தது.