வாயசைப்பு

கோரேகாவ் காட்டோரம்
மூன்று வாரத்தில் எழுந்தது அந்த நகரம்.
ஒட்டுப்பலகை மதில், தெர்மகோல் செங்கல்,
நாலு தண்ணீர் லாரி கவிழ்த்து நிரப்பிய
பெருங்குளம்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு
நான் அதன் குடிமகன்.

ஒப்பனைக்காரர் சாவந்த்
வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம்
பஞ்சில் தொட்டுக் கறுப்புப் பூசினார்.
என் முறை வந்ததும்
முகத்தைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார்,
"நீ போ" என்றார்.
மிச்சத்தை ஆஸம்கர் இர்ஃபானுக்கு
இரண்டு கோட்டாகக் கொடுத்தார்.

மதிலுக்கு வெளியே தேர்ப்படை.
படை என்றால் இரண்டு தேர்.
இழுக்கும் குதிரைகளில் ஒன்றுக்கு
வெடிச்சத்தம் ஆகாது.

"இவங்க பேசறது என்ன பாஷை?"
உதவி இயக்குநர் ஓஜஸ்வி கேட்டாள்.
வசனகர்த்தா போனிலிருந்து தலை எடுக்கவில்லை.
"யாருக்குத் தெரியும்?
அவங்க எழுத்தையே இன்னும் யாரும் படிக்கலை.
புரியாத மாதிரி எதையாவது பேசச் சொல்லு."
அவள் கூட்டத்தைத் துழாவி
என்னிடம் வந்து நின்றாள்.
"மதராஸிதானே? உன் பாஷையில கத்து.
கோபமா. வேகமா."

மூன்று கேமரா.
தீ வைக்கிற ஆள் தயாராக.
கோயில் கொடையில் கேட்டது,
நாலாம் வகுப்பு மனப்பாடச் செய்யுள்
எதுவும் தொண்டைக்கு மேலே ஏறவில்லை.
பிறகு, தானாக,
விடிகாலை நாலரையின் குரல் வந்தது:

"ஏல, மோட்டரை நிறுத்துல!
மேல்மாடிக்கு ஒரு குடம் ஏறலை!
மூணு நாளா பிள்ளைகளைக் குளிப்பாட்டலை!
நீ மட்டும் டிரம் டிரம்மா ரொப்புதியே,
உனக்கு எத்தனை வயிறுல!"

கட்.
ஓஜஸ்வியின் கண் கலங்கியிருந்தது.
"என்ன அர்த்தம்?"
"சாமி கும்பிட்டேன்."
சயான் பேச்சிமுத்து மட்டும்
ஈட்டிக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான்.

மதியச் சோற்றுக்குப் பிறகு
படையெடுப்பாளர் பதினொரு பேர் வரவில்லை.
மழையில் லோக்கல் நின்றுவிட்டதாம்.
என் இடுப்புத்துணியை உருவி
ஆட்டுத்தோல் சுற்றினார்கள்.
சாவந்துக்கு இப்போது வேலை இருந்தது,
வெளுப்பு மூன்று கோட்டு.
பந்தத்தோடு ஓடி
காலையில் நான் காத்த மதிலை
நானே கொளுத்தினேன்.
தெர்மகோல் எரிவதில்லை, சுருங்கும்.
அந்த நாற்றம் புதிதில்லை;
தாராவியில் எங்கள் தெருமுனையில்
தினமும் எதையாவது உருக்குகிறார்கள்.

ஒளிபரப்பானபோது
என் முகத்துக்குக் கீழே இந்தியில் எழுத்து ஓடியது.
மகள் வாசித்துச் சொன்னாள்:
"ஆதித்தாயே, எங்கள் நதியைத் திருப்பித் தா.
எம் குழந்தைகள் தாகத்தில் வாடுகிறார்கள்."
"பரவாயில்லையே" என்றாள் தங்கபுஷ்பம்,
"பாதி சரியாத்தான் எழுதியிருக்கான்."

தீபாவளி கழிந்து
தமிழ்ச் சேனலில் வந்தது.
தேரில் வந்தவன் தமிழ் பேசினான்,
"நில்லடா மூடனே" என்று சுத்தமாக.
அவன் குரு தமிழ், குதிரைக்காரன் தமிழ்.
மதில்மேல் நின்ற என்னால்தான் சிக்கல்.
எனக்குப் புரியாத பாஷை வேண்டுமே.
சென்னையில் ஏதோ கண்ணாடி அறையிலிருந்து
யாரோ என் வாய்க்குள் ஏறிக்கொண்டார்:
"ஊங்கா! தும்பா! ஹுரா ஹுரா!"
தங்கபுஷ்பம் சத்தத்தைக் குறைத்தாள்.
முழுக்கக் குறைத்த பிறகும்
உதடு மோட்டரை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் நாலரைக்குக் குழாய்
முதலில் காற்றைத்தான் விட்டது,
ஊங்கா, தும்பா என்று.
கீழே மோட்டர் ஓடியது.
படியில் குடத்தோடு நின்று
வாயைத் திறக்கப்போனேன்.
அதற்குள் கீழ்வீட்டுச் செல்லையா
தலையை நீட்டினான்.
"ராத்திரி டிவியில பாத்தேன்ல.
என்னயத்தானே ஏசுன?"

நிறுத்தினான்.
ஒரு குடம், அதற்குமேல் அரைக் குடம்.
பிறகு மறுபடியும் போட்டுவிட்டான்.