ஒரு தாள் குறைகிறது

மூன்றாம் எண் ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
கண்ணாடியை இருவர் தூக்கினார்கள்.
பேசுவதற்காக அதில் வெட்டியிருந்த வட்டத் துளைக்குள்
ஒருவன் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டான்.
பதினேழு வருஷம் கோர்ச்சா நகரத்தின் மூச்சு
அந்தத் துளை வழியாகத்தான் எனக்கு வந்தது:
பூண்டு, ராக்கி, பல்வலி, கெஞ்சல்.

இப்போது ஒரு திரை, சுவரைப் பார்த்த ஒரு மேசை.
விண்ணப்பங்கள் முகம் கழுவிக்கொண்டு வருகின்றன.
இல்லை, முகமே இல்லாமல் வருகின்றன.
பாதிக்கு மேல் நான் தொடுவதுகூட இல்லை.
தீயணைப்பு, சுகாதாரம், வரி, நகராட்சி
நான்கும் தங்களுக்குள் ஏதோ பேசி முடித்துவிடுகின்றன.
ஒரே மாடிப்படியில் குடியிருந்த காலத்தில்
ஒன்றுக்கொன்று வணக்கம் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியலில் ஒரு பெயர்.
தெயூதா. தொழில்: லாக்ரோர் சுட்டு விற்றல்.
இரவு 2.14க்கு அனுப்பியிருக்கிறாள்.
2.15க்கு உரிமம்.

எனக்கு அவளைத் தெரியும்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்
பதினொரு முறை வந்தாள், பச்சை மேலங்கி,
விரல் இடுக்கில் மாவு காய்ந்த வெள்ளைக் கோடுகள்.
"ஒரு தாள் குறைகிறது. நாளைக்கு வாருங்கள்."
எந்தத் தாள் என்று நான் சொன்னதில்லை.
எங்கள் ஊரில் அதற்குக் காபி என்று பெயர்:
இரண்டாக மடித்து, கோப்பின் நடுவில், சர்க்கரை போடாமல்.
அவளுக்கு அந்தக் காபி போடத் தெரியவில்லை,
அல்லது தெரிந்தும் போடவில்லை.
பன்னிரண்டாவது முறை வரவில்லை.

அதற்காக என்னை முழுசாகத் திட்டிக்கொள்ளவும் வரவில்லை.
வோஸ்கோபோயா மலையில் தனாஸ் என்று ஒரு மேய்ப்பர்.
அவருடைய அப்பா பெயரில் ஓர் எழுத்து
ஒரு தாளில் உண்டு, இன்னொன்றில் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தினேன்,
காபி வாங்காமல்.
போன வாரம் அவருடைய பாலாடைக்கட்டி உரிமம்
புதுப்பிக்க வந்தது. அதே எழுத்து.
சிவப்பு எழுத்தில் பதில்: பொருந்தவில்லை.
கண்ணை மூடிக்கொள்வதற்கு முதலில் கண் வேண்டுமே.
தலைநகருக்கு மூன்று முறை போன் போட்டேன்.
புகார் எண் ஒன்று கொடுத்தார்கள்,
பத்து இலக்கம்.
அதை எழுதிவைக்க என் மேசையில்
ஒரு துண்டுக் காகிதம் இல்லை.
கையில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை பனி.
அவள் கடையைத் தேடிப் போக நினைக்கவில்லை, போனேன்.
அடுப்புக்கு மேலே சுவரில் உரிமம்,
மூலையில் கறுப்புக் கட்டங்களோடு ஒரு சதுரம்.
அதில் என் கையெழுத்து இல்லை.
யார் கையெழுத்துமே இல்லை.
வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஆறு பேர்.
நிற்கிற பக்கம் இப்படித்தான் இருக்கும் போல:
காலில் குளிர், முன்னால் இருப்பவரின் பிடரி.

நூற்றைம்பது லெக் வாங்கிக்கொண்டு
ரசீதைப் போனுக்கே அனுப்பினாள்.
தட்டிலிருந்து ஒரு துண்டை நேராகக் கையில் வைத்தாள்.
சுடச்சுட.
"சுற்றித் தர ஒரு தாள்..." என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள்.
நடுவில் கண்ணாடி இல்லாமல்
அவள் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.
"குறைகிறது, பந்தேலி" என்றாள்.
"நாளைக்கு வாருங்கள்."

சிரித்தாளா என்று தெரியவில்லை, ஆவி மறைத்தது.
எனக்குப் பின்னால் நின்றவருக்கு
அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

வலக்கை, இடக்கை, மறுபடி வலக்கை,
அலுவலகம் வரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
புகார் எண்ணில் வெண்ணெய் இறங்கி
கடைசி மூன்று இலக்கம் கரைந்துபோனது.
ஓரத்தைக் கடித்தேன், நாக்கு வெந்தது.
உள்ளே வெங்காயத்தாள் மட்டும்
ஒன்றும் குறையில்லாமல் இருந்தது.