இருபுறமும் ஒன்றை நீக்க,

நாற்பத்தொரு விடைத்தாள்.
பதினோராவதில்தான் உறைத்தது.
தேல்ஸ் தேற்றம், ஐந்து மதிப்பெண்.
படம் சரி. தரவு சரி.
ஒத்த கோணங்கள், வடிவொத்த முக்கோணங்கள்,
படிப்படியாக இறங்கி வந்து
"இருபுறமும் ஒன்றை நீக்க,"
என்று எழுதி
நின்றுவிட்டாள் லோகேஸ்வரி.

பத்தாவது தாளைத் திரும்ப எடுத்தேன்.
ஹேமாத்ரியும் அங்கேதான் நின்றிருந்தான்.
அதே கால்புள்ளி.

காப்பி என்றுதான் முதலில் நினைத்தேன்.
யார் பக்கத்தில் யார் என்று
தேர்வறைத் தாளைத் தேடினேன்.
சன்னலோரம் முனிலட்சுமி, கதவோரம் கோமளா.
நடுவே இருபதடி, ஒரு கண்காணிப்பாளர்.
இருவரும் அதே கால்புள்ளியில்.
மொத்தம் முப்பத்து மூன்று பேர்.
ஏழு பேர் படமே போடவில்லை, அது வேறு கதை.

பொதட்டூர்பேட்டையில் மழை விடவில்லை.
கரண்ட் போனதும்
எதிர்வீட்டு விசைத்தறிகள் ஒரேயடியாய் ஓய்ந்தன.
அந்த அமைதியில் நினைவு வந்தது:
செப்டம்பர், மூன்றாம் பாடவேளை.
சாக்பீஸை அழுத்திக் கால்புள்ளி வைக்கிறேன்,
வாசலில் துரைவேலு அண்ணன்.
"ஜமுனா டீச்சர், ஹெச்செம் கூப்பிடுறார்.
சைக்கிள் வந்துருக்குது. எண்ணி வாங்கணுமாம்."

நூற்றுப் பதினெட்டு சைக்கிள்.
ஆறுக்குப் பெடல் இல்லை.
மறுநாள் வாக்காளர் பட்டியல்,
அதற்கு மறுநாள் ஆதார் திருத்தம்,
பிறகு திருவள்ளூரில் இரண்டு நாள் பயிற்சி,
பணிச்சுமையைச் சமாளிப்பது எப்படி என்று.
அறிவியல் வாத்தியார் மாற்றலாகிப் போனதில்
ஒளியும் மின்சாரமும் என் கணக்கில் வந்தன.
சிக்னலுக்காக மொட்டைமாடி ஏறி
வருகையைப் பதிந்தால்
நகரி டவரைப் பிடித்துக்கொண்டு
ஆந்திராவுக்கு நல்வரவு என்கிறது செல்போன்.
நான் பள்ளியில் இல்லை என்கிறது செயலி.
அது பொய் என்று
இன்றைக்குத்தான் அடித்துச் சொல்ல முடியவில்லை.

தேற்றத்துக்குத் திரும்பவே இல்லையா நான்?
திரும்பினேன்.
"மீதி புத்தகத்துல இருக்கு, பாத்துக்குங்க."
நேராக அடுத்த பயிற்சிக் கணக்கு.
வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
சாயங்காலம் தறிக்கு நூல் சுற்றும் பிள்ளைகள்.
புத்தகத்தை எங்கே பார்த்தார்கள்,
என் கையைப் பார்த்து எழுதியவர்கள்.
கை நின்ற இடத்தில்
மரியாதையாக அவர்களும் நின்றிருக்கிறார்கள்.

முழுதாக முடித்தவன் ஒருவன்.
டில்லிபாபு.
வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அன்று அவன் வரவில்லை.
புத்தூரில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது.
எல்லை தாண்டும் பஸ்ஸில்
மடியில் புத்தகத்தை விரித்துத்
தானாகவே படித்திருப்பான்,
நான் குறுக்கே வராமல்.

முப்பத்து மூன்று பேருக்கும் மூன்று மூன்று.
கூட்டி ஏற்றும்போது இணையதளம் கேட்டது,
தேறாதவர்களுக்குக் காரணம் தேர்வு செய்க.
மாணவர் கவனக்குறைவு.
தொடர் விடுப்பு.
பெற்றோர் அக்கறையின்மை.
நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சர்வருக்கே சலித்து
என்னை வெளியே தள்ளியது.

விடுமுறை முடிந்த முதல் காலை.
"செப்டம்பர் நோட்டை எடுங்க.
மேல எதுவும் வேணாம்,
அந்தக் கால்புள்ளியிலருந்து."
தாள் புரளும் சத்தம்.
கோமளா தேடவே இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
கால்புள்ளிக்குக் கீழே கால் பக்கம்
வெறுமையாக இருந்தது.
பக்கத்துப் பையனின் நோட்டிலும்.
அதற்கடுத்ததிலும்.
அடுத்த கணக்கை அடுத்த பக்கத்தில் தொடங்கி
இந்த இடத்தை எனக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்
மூன்றரை மாதமாய்.

சாக்பீஸை எடுத்தேன்.
கரும்பலகையின் ஓரத்தில்
வாசல் பக்கமிருந்து ஒரு நிழல் ஏறியது.
கையில் சுற்றறிக்கை இருக்கும்.
திரும்பாமல் சொன்னேன்,
"அண்ணே, ரெண்டே ரெண்டு வரி."