வெள்ளைப் படிவம்

நார்வாவில் ஆற்றின் அக்கரை வேறு நாடு.
இரண்டு கோட்டைகள் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கும்;
நடுவே பனிக்கட்டி
யார் கரையிலும் ஒதுங்காமல் நொறுங்கிப் போகும்.
மூடிய பஞ்சாலைச் சுவரோரம் எங்கள் வேன்,
செவ்வாய், வெள்ளி, மாலை நான்கு முதல்.
பழைய ஊசி கொடுத்தால் புதிய ஊசி.
கூடவே பஞ்சு, காய்ச்சி வடித்த நீர்,
சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர்.
கேள்வி கேட்பது என் பங்கு.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு மஞ்சள் படிவம், நான்கு பக்கம்.
இல்லாதவருக்கு வெள்ளை. ஒரே பக்கம்.
இருமலைப் பற்றிய கேள்வி
மஞ்சளில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

ரொதியோன், வெனியமின். அண்ணன், தம்பி.
ஐந்தாவது மாடியில் ஒரே அறை, ஒரே அடுப்பு,
ஒரு காலத்தில் ஒரே ஊசி.
அண்ணனுக்குத் தொற்றியது. தம்பிக்குத் தொற்றவில்லை.
எப்படி என்று கேட்டதற்கு
மருத்துவரும் உதட்டைப் பிதுக்கினார்.

தம்பி அந்தச் சோதனைத் தாளை
நான்காக மடித்துச் சட்டையின் இடதுபையில் வைத்திருந்தான்.
மடிப்பு கிழிந்தபோது ஒட்டுநாடா போட்டான்.
போலீஸ்காரனிடம், ஒரு காதலியிடம், ஒருமுறை
ரொட்டிக் கடைக்காரியிடம்கூட எடுத்து நீட்டியிருக்கிறான்.
"எனக்கு ஒன்றுமில்லை, பாருங்கள்."

அண்ணனுக்கு எல்லாம் இருந்தது.
காலையில் மாத்திரை, மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தம்,
தவறினால் போன் போட்டுத் திட்டுவதற்கு
தயீசியா லிவோவ்னா என்றொரு செவிலி.
மாத்திரைக்கு முந்தைய குளிர்காலமொன்றில்
நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் பிழைத்தவன்.
நிமோனியாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்று சொன்னான்:
"என் வாழ்நாளில்
நரம்பு தேடாத ஊசி இதுதான்."

தம்பியை யார் கூப்பிடப் போகிறார்கள்?
இருமினான். புகை என்றான்.
இருமினான். நிலவறைப் பூஞ்சை என்றான்.
குனிந்து வெள்ளைப் படிவத்தில் கையெழுத்திட்டபோது
தாளே இருமியது.

பிப்ரவரியில் இருமல் நின்றது.
தேவலையாகிவிட்டது என்று நினைத்தோம், நானும்தான்.
சரக்கு ஏறினால் மூச்சு தளரும்.
இருமலும் கூடவே தூங்கிவிடும்.
காவல்காரன் தூங்கும் வீட்டில்
வருகிறவன் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

மாடிப்படியில், வெந்நீர்க் குழாயில் சாய்ந்து
மூன்று இரவு கிடந்திருக்கிறான்.
எச்சில், ஆணி ஊறிய தண்ணீர் நிறம்.

அண்ணன் முதுகில் சுமந்து வந்தான்.
காய்ச்சல் முப்பத்தொன்பது புள்ளி எட்டு.
விரலில் மாட்டிய கருவி
எண்பத்திரண்டு காட்டி, வெட்கப்பட்டதுபோல்
எண்பதுக்கு இறங்கியது.
ஆம்புலன்ஸ்காரர் கையுறை மாட்டியபடி கேட்டார்:
"இதில் எச்.ஐ.வி. யாருக்கு?"
ரொதியோன் கை தூக்கினான்.
அவனுக்கே முகக்கவசம் கட்டப் போனார்கள்.
"நானில்லை ஐயா. சாகக் கிடப்பது அவன்."
வெனியா கண் திறக்காமலே
இடதுபையைத் தடவினான்.

மருத்துவமனையில் நுரையீரலுக்கு மருந்து உண்டு,
உடம்பு முறுக்குவதற்கு இல்லை.
இரண்டாம் இரவு, நடுங்கிக்கொண்டே எழுந்து,
கையில் குத்திய குழாயோடு
பனியில் நடந்து போயிருக்கிறான்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.

வெள்ளிக்கிழமை ரொதியோன் வந்தான், தனியாக.
ஊசிகளை ஒவ்வொன்றாக மஞ்சள் டப்பாவில் போட்டான்.
கடைசியாக, பிளாஸ்டர் ஒட்டியபடியே
ஒரு நரம்புக்குழாய்.
"நான்தான் எடுத்தேன்" என்றான்.
"வலித்திருக்காது."
தேநீரில் மூன்று சர்க்கரை போட்டு
கலக்காமலே குடித்தான்.

இப்போதெல்லாம் வெள்ளைப் படிவத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்:
இருமல் உண்டா. எத்தனை நாளாக. படி ஏறினால் மூச்சு?
தலைநகரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது,
ஓரங்களில் எழுத வேண்டாமாம்,
கணினிக்குப் படிக்கத் தெரியாதாம்.

வரிசையில் அடுத்து மர்ஃபா.
குளிரில் மூக்கு சிவந்திருக்கிறது.
"எனக்கு ஒன்றுமில்லை" என்கிறாள்,
நான் வாய் திறக்கும் முன்பே.
கூர் மழுங்கிய பென்சிலை
சீவத் தொடங்குகிறேன்.